கூத்துக் கொப்பியும் கிரியேட்டிவ் காமன்ஸும்

எங்கள் பக்கத்தில் ஒரு கூத்தை வீடியோ எடுத்து இணையத்தில் போடுவது என்றால் இரண்டு வகை ஆட்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஒரு வகை, "இது ஊர்ச் சொத்து, யாரும் எடுக்கலாம், யாரும் போடலாம், இதுக்குப் போய் யாரைக் கேக்கிறது?" என்பவர்கள். மற்ற வகை, "நெட்டில போட்டா களவு போயிரும், பூட்டி வைக்க வேணும்" என்பவர்கள். மட்டக்களப்பில் கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று கமராவோடு திரிந்து பிழைக்கிறவன் நான். அந்த வேலைக்கு இடையில் கொஞ்ச வருடமாகப் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக் கிராமங்களில் கூத்துகளையும் பதிவு செய்து வருகிறேன். இந்த இரண்டு வகையினரோடும் மாறி மாறிக் கதைத்ததில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன், கமரா தூக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு உதவும்.

என் கட்சி இதுதான்: கூத்தைத் திறந்து விடத்தான் வேண்டும், அதாவது பதிவை யாரும் எடுத்துப் பாவிக்க விட வேண்டும். ஆனால் யாருடையது என்று தெரியாத ஒன்றை நாமாகத் திறந்து விட முடியாது. முதலில் சொந்தக்காரர்களைக் கண்டுபிடிக்க வேண்டும், அவர்கள் நாம் நினைப்பதை விட அதிகம் பேர்.

ஒரு இரவுக் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டக்களரி என்னும் வட்டமான ஆடுகளம், நடுவில் மத்தளமும் சல்லரி என்னும் தாளமும், ஒவ்வொரு பாத்திரமாக வரவு, விடியும் வரை ஆட்டம். கதை பாரதக் கதை என்றால் அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அந்தக் கதையைத் தருவும் (கூத்துப் பாட்டும்) வசனமுமாக எழுதி வைத்திருக்கும் கொப்பிதான் விஷயம். கூத்துப் பழக்கும் ஆசான் ஒருவர், அண்ணாவியார் என்போம், தன் கொப்பியை எனக்குக் காட்டினார். சொப்பிங் பையில் சுற்றி, அதற்கு மேல் சாரம் ஒன்றில் பொதிந்து வைத்திருந்த பெரிய சீஆர் கொப்பி. முன் பக்கங்களில் மங்கிப்போன நீல மை, தருக்கள் மட்டும் சிவப்பில், இடையிடையே ஓரத்தில் குமிழ்முனைப் பேனாவால் புதிதாக எழுதிய வரிகள். "இது எங்கட அப்பா ஏட்டப் பாத்து எழுதினது. இந்த ஓரத்தில கிடக்கிறது நான் கட்டின தரு. பழைய தரு நீளம், இந்தக் காலத்துப் பெடியனுகளுக்கு மூச்சு வாங்குது" என்றார்.

அந்த ஒரு பக்கத்திலேயே சட்டம் முழுவதும் இருக்கிறது. ஏட்டில் இருந்த பழைய பாட்டுக்கு ஆசிரியர் யாரென்று தெரியாது, அது பரம்பரையாக வந்தது. அப்பா பார்த்து எழுதினார், பிரதி பண்ணினார், அதனால் மட்டும் அவர் ஆசிரியராகி விடுவதில்லை. ஓரத்தில் இருக்கும் தரு அண்ணாவியாருடைய படைப்பு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அவர் இருக்கும் காலம் முழுவதும், அவருக்குப் பிறகு 70 வருடமும் அதற்குப் பதிப்புரிமை உண்டு. எங்கும் பதியத் தேவையில்லை, கட்டணம் கட்டத் தேவையில்லை, எழுதிய கணத்திலேயே உரிமை வந்து விடுகிறது. இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. காணி உறுதி போல ஏதாவது ஒரு கந்தோரில் முத்திரை குத்தித் தருவார்கள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

அடுத்து ஆடுகிறவர்கள். இதைத்தான் எங்களைப் போன்ற கமராக்காரர்கள் யோசிப்பதே இல்லை. அதே சட்டத்தில் நிகழ்த்துகிறவர்களுக்குத் தனி உரிமை இருக்கிறது. அவர்கள் சம்மதம் இல்லாமல் அவர்கள் ஆட்டத்தைப் பதிவு செய்வதோ ஒளிபரப்புவதோ கூடாது, அந்தப் பாதுகாப்பு 50 வருடம். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேஸ்புக் லைவ் போடுகிறவருக்கும் இது பொருந்தும். அப்புறம்தான் பதிவு செய்தவனாகிய என் உரிமை வருகிறது, அது நான் எடுத்த பதிவின் மேல் மட்டும், கூத்தின் மேல் அல்ல. "நான்தான் எடுத்தேன், அதனால கூத்து என்னுடையது" என்று வீடியோ முழுக்கத் தன் ஸ்டூடியோ பெயரைக் குறுக்கே ஓட விடுகிற ஆட்கள் இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

இவ்வளவும் போக, அதே சட்டத்தில் நாட்டார் வெளிப்பாடுகளுக்கென்று 24ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. வியாபாரத்துக்காகவோ, மரபான சூழலுக்கு வெளியிலோ அவற்றைப் பிரதி பண்ணுவதற்கும் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கும் மாற்றி அமைப்பதற்கும் எதிரான பாதுகாப்பு அது. அனுமதி கொடுக்கும் அதிகாரம் அமைச்சர் தீர்மானிக்கும் ஓர் அதிகாரியிடம் என்று எழுதியிருக்கிறது, ஊரிடம் அல்ல. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அடுக்குப் பார்த்து (ஒத்திகை நடத்தி), சதங்கை கட்டி, அரங்கேற்றி இவ்வளவு காலம் காப்பாற்றியது ஊர். ஆனால் "ஊர்ப் பாட்டுத்தானே, சட்டம் ஒன்றும் சொல்லாது" என்று நினைக்கிறவர்களுக்குச் சட்டம் ஏதோ சொல்லத்தான் செய்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

சரி, சம்மதம் எப்படி வாங்குவது? அரங்கேற்றத்துக்கு முதல் நாள் போய்க் கேட்டால் நடக்காது. உடுப்பு, மேக்கப், களரிக்கு லைட், சாப்பாடு என்று ஆளாளுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். அடுக்கு நடக்கும் இரவுகளில் போய் உட்கார வேண்டும். நான் தாளை நீட்டியபோது அண்ணாவியார் சிரித்துவிட்டார்.

"கூத்தாடக் கையெழுத்தா மனே? வங்கியில கடன் எடுக்கிற மாதிரிக் கிடக்கு."

"கூத்தாட இல்ல பெரியப்பா, நான் அத நெட்டில போட."

"போட்டா மறுகா என்ன நடக்கும்?"

அந்தக் கேள்விக்கு ஒளிவு மறைவில்லாமல் பதில் சொல்ல வேண்டும், வேலையே அதுதான். யாரும் பார்க்கலாம், யாரும் இறக்கலாம், சிலர் வெட்டி ஒட்டி வேறு மாதிரிப் போடுவார்கள், ஒருத்தன் அதை வைத்துக் காசும் பார்க்கலாம், பிறகு திருப்பி எடுக்கலாம் என்று நினைத்தால் முடியாது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பிறகு இரண்டே நிபந்தனை போட்டார்: தன் பெயருக்கு முன்னால் தன் அப்பாவின் பெயர் வர வேண்டும், சாமி பாட்டு எதையும் பகிடிக்கு எடுக்கக் கூடாது. முதலாவதை எழுதிக் கொடுக்க முடிந்தது. இரண்டாவதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது என்று அப்போதே சொல்லி, காப்பு விருத்தங்களை, அதாவது தொடக்கத்தில் பாடும் சாமி பாட்டுகளை, வெளியிடும் பதிவில் சேர்ப்பதில்லை என்று பேசி முடித்தோம். ஆடியவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்களுக்குத் தாய் தகப்பனின் கையெழுத்து. எழுத்து வாசிக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்குத் தாளை வாசித்துக் காட்டி, அவர் "ஓம், சம்மதம்" என்று சொல்வதைப் போனில் பதிந்து வைத்தேன்.

இனி, எந்த நிபந்தனையோடு யாரும் பாவிக்கலாம் என்று சொல்லும் உரிமத்தின் கதை. நாங்கள் தேர்ந்தது கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பின் ஆயத்த உரிம வகைகளில் பை-எஸ்ஏ (BY-SA) என்பது. இரண்டே இரண்டு நிபந்தனை: பெயர் சொல்ல வேண்டும், மாற்றிச் செய்தால் அந்தப் புதிய ஆக்கத்தையும் இதே உரிமத்தில்தான் விட வேண்டும். இரண்டாவது நிபந்தனைதான் காப்பிலெஃப்ட், அளிப்புரிமை. இது மென்பொருள் உலகத்திலிருந்து வந்த யோசனை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தார், 1989இல் அதற்கான ஜிபிஎல் உரிமத்தின் முதல் பதிப்பு வந்தது. திறந்து விட்டதை ஒருவர் எடுத்து மாற்றிவிட்டுத் தன்னுடையது என்று பூட்டிவிடாமல் தடுப்பதுதான் அதன் நோக்கம், அந்தத் தடைக்குப் பயன்பட்டது பதிப்புரிமைச் சட்டமேதான். பாட்டு, படம், எழுத்துக்கு அதே மாதிரியான உரிமங்களை 2002 கடைசியில் கிரியேட்டிவ் காமன்ஸ் கொண்டு வந்தது. விக்கிப்பீடியாக் கட்டுரைகள் எல்லாம் இதே பை-எஸ்ஏயில்தான் இருக்கின்றன.

ஊரில் இதை விளக்க எனக்கு வண்ணக்கரை விட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. எங்கள் கோயில்களில் குடிக்கு ஒரு வண்ணக்கர் இருப்பார், கணக்கும் சாவியும் அவர் கையில், ஆனால் கோயில் அவருடையது இல்லை. யாரும் வந்து கும்பிடலாம், ஒருவரும் வேலி போட்டு "இனி இது என் வளவு" என்று சொல்ல முடியாது. "ஓ, அப்ப இது வண்ணக்கர் வேலை" என்று ஒரு மச்சான் சொன்னதும் மற்றவர்களுக்கு விளங்கி விட்டது. அதற்கு முதல் அரை மணித்தியாலம் நான் ஸ்டால்மன் கதையெல்லாம் சொல்லி ஒருவருக்கும் ஏறவில்லை.

வியாபாரத்துக்குப் பாவிக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்க்கச் சொல்லிச் சிலர் நின்றார்கள். நான் வேண்டாம் என்றேன். அந்த நிபந்தனை இருந்தால் விக்கிப்பீடியாவின் படங்களும் வீடியோக்களும் இருக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளம் ஏற்றுக்கொள்ளாது. அதோடு, நாளைக்கு ஊர்க் கழகமே ஒரு சிறப்பு மலரோடு பதிவையும் சேர்த்து விற்றுக் கோயில் வேலைக்குக் காசு சேர்க்க நினைத்தால், அது வியாபாரமா இல்லையா என்று எங்களுக்குள்ளேயே சண்டை வரும். மாற்றவே கூடாது என்ற நிபந்தனையும் அப்படித்தான். ஒரு டீச்சர் ஐந்து நிமிடத்தை வெட்டி எடுத்து வசனத்தை எழுத்தில் ஓடவிட்டு வகுப்பில் காட்டுவார், அது கூடாது என்று சொல்ல நாங்கள் யார்?

கவனிக்க வேண்டிய ஒரு சின்ன விஷயம்: யூடியூபில் ஏற்றும்போது உரிமம் கேட்கும் இடத்தில் இருக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது வெறும் பை, பெயர் சொன்னால் போதும் என்ற வகை. அதைத் தட்டினால் அளிப்புரிமை நிபந்தனை போய்விடும். நாங்கள் அதைத் தொடாமல், விவரக் குறிப்பில் உரிமத்தின் முழுப் பெயரையும் பதிப்பு எண்ணையும், 4.0 என்பது உட்பட, எழுதி இணைப்புக் கொடுக்கிறோம். விக்கிமீடியா காமன்ஸ் எம்பி4 கோப்பை எடுக்காது, வெப்எம் ஆக மாற்ற வேண்டும். தலைப்பையும் பெயர்களையும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துப் படமாக ஒட்டாமல் யூனிகோடில் எழுதுங்கள், இல்லாவிட்டால் அண்ணாவியாரின் பெயரைத் தேடினாலும் வராது.

இவ்வளவு ஒழுங்காகச் செய்தும் ஒரு வில்லங்கம் வந்தது. எங்கள் பதிவிலிருந்து ஒலியை மட்டும் உருவி, அடியில் ஒரு மெஷின் தாளம் சேர்த்து, யாரோ ஒரு சேனல்காரர் நாட்டார் பாடல் தொகுப்பு என்று வெளியிட்டுவிட்டார். அண்ணாவியார் பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. அது இணையத்தில் பாட்டு விநியோகிக்கும் ஒருவர் மூலமாக யூடியூபின் கன்டென்ட் ஐடிக்குள் போய்விட்டது. அது ஒரு தானியங்கிப் பொறிமுறை, உள்ளே கொடுத்த ஒலியோடு ஒத்துப்போகிற எதைக் கண்டாலும் உரிமைக் கோரல் போடும். விளைவு, எங்கள் சொந்த வீடியோவுக்கு, மூலப் பதிவுக்கே, "இதில் வேறொருவரின் பாட்டு இருக்கிறது" என்று அறிவித்தல் வந்தது.

"நீங்கதானே எவரும் எடுக்கலாம் எண்டு விட்டீங்க, இப்ப ஏன் கத்துறீங்க?" என்று பூட்டி வைக்கச் சொன்ன கூட்டம் கேட்டது. நியாயமான கேள்வி. அந்தச் சேனல்காரர் எடுத்தது பிழை இல்லை, தாளம் சேர்த்தது பிழை இல்லை, காசு பார்த்ததும் எங்கள் உரிமத்தின்படி பிழை இல்லை. பெயர் போடாதது பிழை, தன் ஆக்கத்தை அதே உரிமத்தில் விடாதது பிழை. எல்லாவற்றுக்கும் மேல், கன்டென்ட் ஐடிக்குள் போடுவதற்கு அந்தப் பொருளின் மேல் தனியுரிமை இருக்க வேண்டும் என்பது விதி, எங்கள் பதிவை எடுத்துச் செய்த ஒருவருக்கு அது எப்படி வரும்? ஆக, கத்துவதற்கு எங்களுக்குச் சரியான காரணம் இருந்தது, அந்தக் காரணத்தைத் தந்ததே அளிப்புரிமைதான். "எல்லாரும் எடுங்கோ" என்று மட்டும் எழுதிப் போட்டிருந்தால் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

மறுப்புத் தெரிவிக்கும் படிவத்தில் கோபத்தைக் கொட்டாதீர்கள். பதிவு செய்தவர் யார், எப்போது ஏற்றியது, எந்த உரிமம், அவர்களின் பாட்டு எங்கள் வீடியோவின் எந்த நிமிடத்திலிருந்து வந்தது, இவ்வளவும் போதும். அதற்குப் பிறகு கோரியவருக்கு 30 நாள் அவகாசம், பதில் வராவிட்டால் கோரல் தானாக விழுந்துவிடும். எங்களுக்கு அப்படித்தான் விழுந்தது. அவர் மறுத்திருந்தால் மேல்முறையீடு என்று அடுத்த படி இருக்கிறது, அங்கே நிலைமை இறுகும், தோற்றால் சேனலுக்கு ஸ்ட்ரைக் என்னும் எச்சரிக்கைப் புள்ளி விழலாம், 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போகலாம். அதனால் கையில் ஆதாரம் இல்லாமல் அந்தப் படியில் ஏறக் கூடாது. எங்களிடம் கமராவிலிருந்து இறக்கிய வெட்டாத கோப்புகள் திகதியோடு இருந்தன, கையெழுத்துத் தாள்களும் இருந்தன. மெமரி கார்டை அழிக்க முன் வெட்டாத கோப்புகளை ஹார்ட் டிஸ்க் இரண்டில் போட்டு வையுங்கள், ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஆளிடம்.

எல்லாவற்றையும் சண்டையாக எடுக்கவும் வேண்டாம். இதே உரிமத்தில் விட்ட, வாவியில் தோணிக்காரர் வலை வீசும் என் படம் ஒன்று பாசிக்குடாப் பக்கத்து விடுதி ஒன்றின் விளம்பரத்தில் பெயரில்லாமல் வந்தது. மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினேன்: படம் தாராளமாகப் பாவியுங்கள், பெயரும் உரிமமும் போட வேண்டும். அடுத்த நாளே போட்டார்கள். 4.0 பதிப்பில் இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது, மீறலைத் தெரிந்துகொண்ட 30 நாளுக்குள் திருத்தினால் இழந்த உரிமை தானாகத் திரும்பி வரும். முக்கால்வாசிப் பேர் தெரியாமல் செய்கிறவர்கள், அவர்களுக்கு இது போதும்.

பழைய ஆக்கங்களில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் காலமானார், 70 வருடக் கணக்கு முடிந்துவிட்டது, "வெள்ளை நிற மல்லிகையோ" பாட்டை யாரும் பாடலாம், அச்சிடலாம். ஆனால் அந்தப் பாட்டை ஒரு பாடகர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவு வேறு பொருள், அதற்குப் பாடியவரின் உரிமையும் தயாரித்தவரின் உரிமையும் தனியாக ஓடிக்கொண்டிருக்கலாம். பாடசாலை விழா வீடியோவுக்கு யாரோ ஒருவருடைய பதிவை இறக்கிப் போடச் சொல்லிக் கேட்டார்கள். அதற்குப் பதிலாக அந்தப் பாடசாலைப் பிள்ளை ஒருவரையே ஹார்மோனியத்தோடு பாட வைத்துப் பதிந்தோம், கேட்கவும் நன்றாக இருந்தது. இந்தியாவில் இந்தக் கால அளவு 60 வருடம், தமிழ்நாட்டில் அரசு குடும்பத்தாருக்குப் பணம் கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கம் வேறு இருக்கிறது. அந்தக் கணக்குகளை இங்கே அப்படியே கொண்டு வராதீர்கள்.

சட்டம் சரி என்று சொன்னாலும் போடாமல் விட்டவை உண்டு. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, கடைசிச் சடங்கான திருக்குளிர்த்தி வரைக்கும் நடக்கும் சடங்குகளில் கண்ணகி கதை சொல்லும் வழக்குரையும் காவியமும் படிப்பார்கள். அந்தப் பாட்டுகளுக்குப் பதிப்புரிமை என்று ஒன்றும் இல்லை, எப்போதோ தீர்ந்த கதை. ஆனால் எந்த இடத்தில் எந்த நேரத்தில் படிக்க வேண்டும் என்று கோயிலுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதைப் பூசை செய்யும் கட்டாடியாரும் வண்ணக்கரும் சொல்ல வேண்டும். அவர்கள் பதிவு செய், வெளியே விடாதே என்றார்கள். பதிந்து கோயிலிடமே கொடுத்துவிட்டேன். திறந்த உரிமம் என்று ஆர்வமாகத் திரிகிற நண்பர்கள் சிலருக்கு இது கோபம். இருக்கட்டும், ஒருமுறை வெளியே விட்டால் திரும்ப எடுக்க முடியாத ஒன்றில் அவசரப்பட எனக்கு மனமில்லை.

பூட்டி வைக்கச் சொல்கிறவர்களுக்கு அண்ணாவியாரே ஒரு பதில் சொன்னார். அவருடைய மாமாவிடம் இருந்த ஏடுகள் 1978 நவம்பர் சூறாவளியில் கூரையோடு போய்விட்டன. பெட்டிக்குள் பத்திரமாகத்தான் இருந்தனவாம். வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரையில் 2004 ஆழிப்பேரலையில் போன கொப்பிகள் வேறு. அவர் கொப்பியை நான் பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணினேன், ஓரத்தில் இருக்கும் தருக்களுக்கு அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறேன். 2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிம வடிவில் சேர்த்து வரும் நூலகம் தளத்துக்கு அதைக் கொடுக்கும் வேலை நடக்கிறது.

நாங்கள் பாவிக்கும் தாளில் எழுதியிருப்பது இவ்வளவுதான், விரும்பினால் எடுத்துப் பாவியுங்கள்: "இன்ன திகதியில் இன்ன இடத்தில் நடக்கும் இன்ன கூத்தில் நான் ஆடுவதை / பாடுவதை / மத்தளம் அடிப்பதை ஒலியாகவும் ஒளியாகவும் பதிவு செய்யச் சம்மதிக்கிறேன். இந்தப் பதிவை கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் வெளியிடுவார்கள் என்றும், யாரும் அதைப் பெயர் குறிப்பிட்டு, மாற்றியும் விற்றும் பயன்படுத்தலாம் என்றும், பிறகு திருப்பி எடுக்க முடியாது என்றும் எனக்கு விளக்கினார்கள். என் பெயர் இப்படி வர வேண்டும்: ..... வெளியிடக் கூடாத பகுதிகள்: ....." கீழே இரண்டு பேரின் கையெழுத்தும் திகதியும். கூத்தின் புதிய பாட்டுகளை எழுதியவருக்கு இதே போல வேறு தாள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள், கடைசி வரி இரண்டையும் கட்டாயம் அவர்கள் கையாலேயே நிரப்பச் சொல்லுங்கள்.